பிஸ்கட் உறையின் பின்புறமுள்ள பதினான்கு எண்கள்: உணவுச் சேர்க்கைப் பொருட்களை எவ்வளவு அஞ்ச வேண்டும்?

ஆறு வயது மகன் விரும்பித் தின்னும் கிரீம் பிஸ்கட்டின் உறையில் பதினான்கு எண்கள் இருப்பதையும், கைப்பேசிக்கு வந்த ஒரு பட்டியல் அவற்றுள் பலவற்றைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றும் 330 என்ற எண்ணை எல்லாவற்றிலும் கொடியது என்றும் சொல்வதையும் குறிப்பிட்டு, இவற்றை உண்மையிலேயே தவிர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி எண்களைப் பற்றியதாகத் தோன்றினாலும் நீங்கள் அறிய விரும்புபவை வேறு இரண்டு என்று புரிந்துகொள்கிறேன். அனுமதிக்கப்பட்ட ஒரு பொருள் நாள்தோறும் சிறுகச் சிறுக உடலுக்குள் சென்றால் பின்னாளில் கேடு செய்யுமா என்பது ஒன்று. அனுமதித்தவர்கள் எதைக் கொண்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது மற்றொன்று. உணவு வேதியியல் படித்து, இருபத்திரண்டு ஆண்டுகள் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் இப்பொருட்களின் அளவைக் கண்டறியும் வேலையைச் செய்தவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆகவே ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது, ஆய்வுகள் அதைப் பற்றி என்ன கண்டன என்பதை என்னால் சொல்ல முடியும், குறிப்பிட்ட ஒரு குழந்தையின் உடல்நிலை பற்றி அல்ல.

முதலில் 330. அது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையின் புளிப்பு. நம் உடலின் செல்கள் உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் வேதிச் சுழற்சியில் இதே அமிலம் இடைவிடாமல் உண்டாகி இடைவிடாமல் மறைகிறது. இது எப்படி நஞ்சு என்று பெயர் வாங்கியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1976 வாக்கில் பிரான்சில், வில்ஜுயிஃப் என்னும் ஊரிலுள்ள புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டதாகச் சொல்லிக்கொண்டு, தட்டச்சு செய்த ஒரு துண்டறிக்கை கைமாறிப் பரவியது. தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவமனை மறுத்தும் பயனில்லை. நகலுக்கு மேல் நகலாக எடுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் அது ஐரோப்பாவில் சுற்றியது. 330ஐ மிகக் கொடியது என்று அறிவித்தது அந்தத் தாள்தான். நான் சொன்ன வேதிச் சுழற்சிக்கு, அதைக் கண்டறிந்தவரின் பெயரால், கிரெப்ஸ் சுழற்சி என்று பெயர். ஜெர்மன் மொழியில் கிரெப்ஸ் என்ற சொல்லுக்குப் புற்றுநோய் என்றும் பொருள். இந்தப் பெயர்க் குழப்பமே பழிக்குக் காரணம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உங்களுக்கு வந்த பட்டியல் அந்தத் தாளின் கொள்ளுப்பேரன் என்று தயங்காமல் சொல்வேன்.

எண் என்பது ஒரு பெயர், அவ்வளவே. நீளமான வேதிப்பெயர்களை எல்லா மொழிகளிலும் அச்சிடுவதற்குப் பதிலாக, ஐரோப்பாவில் ஈ என்ற எழுத்துடனும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் பட்டியலில் ஐ.என்.எஸ். என்ற முன்னொட்டுடனும் பெரும்பாலும் ஒரே எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். நூறுகள் நிறமூட்டிகள், இருநூறுகள் பெரும்பாலும் கெட்டுப்போகாமல் காக்கும் பதப்பொருட்கள், முந்நூறுகளில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தடுப்பவையும் புளிப்புகளும், நானூறுகளில் கெட்டியாக்குபவையும் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் பால்மமாக்கிகளும், அறுநூறுகளில் சுவை மிகுப்பான்கள். 300 வைட்டமின் சி, 162 பீட்ரூட்டின் சிவப்பு, 948 ஆக்சிஜன். ஆகவே எண் இருப்பதால் பொருள் கெட்டதாகிவிடாது. அதேபோல, எண் கிடைத்துவிட்டதால் அது என்றென்றைக்கும் நல்லதாகிவிடவும் இல்லை: 128 என்ற எண்ணைப் பெற்றிருந்த ரெட் 2ஜி என்னும் சிவப்பு நிறமூட்டி, உடலுக்குள் அனிலின் என்ற பொருளாக மாறுவதையும் அதன் புற்றுநோய் ஐயத்தையும் கருதி, 2007இல் ஐரோப்பாவில் விலக்கப்பட்டது. பட்டியலில் இருப்பவை மறு ஆய்வுக்கு உட்பட்டவை என்பதே சரியான பார்வை.

அளவு எப்படி வரையறுக்கப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாமே அதன்மீதுதான் நிற்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த ஜெக்ஃபா என்னும் வல்லுநர் குழு 1956 முதல் இந்தப் பணியைச் செய்கிறது. ஒரு பொருளைப் பல அளவுகளில் விலங்குகளுக்கு, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், கொடுத்துப் பார்க்கிறார்கள். எந்தத் தீங்கும் தென்படாத உயர்ந்தபட்ச அளவை எடுத்துக்கொள்கிறார்கள். மனிதன் விலங்கைவிட எளிதில் பாதிக்கப்படலாம் என்பதற்காகப் பத்தாலும், மனிதருக்குள்ளேயே சிலர் மற்றவரைவிட நலிந்தவராக இருக்கலாம் என்பதற்காக மீண்டும் பத்தாலும் அதை வகுக்கிறார்கள். கிடைக்கும் நூறில் ஒரு பங்கே, ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உண்டாலும் குறிப்பிடத்தக்க தீங்கு நேராது என்று கருதப்படும் அளவு. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இத்தனை மில்லிகிராம் என்று அதைக் குறிப்பார்கள். ஒருநாள் அந்த அளவைத் தாண்டினால் நோய் வந்துவிடும் என்பது இதன் பொருள் அன்று.

இந்த முறையில் எனக்கு மதிப்பு உண்டு, குறைகளும் தெரியும். பெரும்பாலும் ஒவ்வொரு பொருளாகத்தான் சோதிக்கப்படுகிறதே தவிர, ஒரே உணவில் சேர்ந்து வரும் ஐந்தாறு பொருட்களின் கூட்டு விளைவு அரிதாகவே பார்க்கப்படுகிறது. பழைய சோதனைகள் பலவற்றில் கட்டி, எடைக்குறைவு, ஈரல் சேதம் ஆகியவற்றைத் தேடினார்கள். குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு என்ன நேர்கிறது என்று எவரும் கேட்கவில்லை, கேட்பதற்கான கருவியும் அப்போது இல்லை. குழந்தைகள் தம் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட மிகுதியாக உண்பவர்கள்; இனிப்பையும் நிறத்தையும் நாடுபவர்களும் அவர்களே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை என் துறையினர் சற்று வசதியாகவே கையாள்வதுண்டு. ஒவ்வாமை உள்ளவருக்கு அளவுக்கு மிஞ்ச வேண்டியதே இல்லை என்பதை அப்போது மறந்துவிடுகிறார்கள்.

அஸ்பார்டேம் பற்றிய 2023ஆம் ஆண்டுச் செய்திகள் மக்களை எவ்வளவு குழப்பின என்பது நினைவிருக்கும். அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்த இனிப்பூட்டியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற 2பி வகுப்பில் வைத்தது. அதே நாளில் ஜெக்ஃபா, கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது. இரண்டும் முரண் அல்ல. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முகமை கேட்பது, இப்பொருளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் இயல்பு இருக்கிறதா, அதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்பதை. எவ்வளவு உண்டால் என்ற கேள்வி அதன் வேலை அன்று. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே 2பி வகுப்பில்தான் இருக்கிறது. குழு கேட்பதோ, மக்கள் உண்ணும் அளவில் தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை. ஒரு குப்பிப் பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் இருப்பதாகக் கொண்டால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு ஒன்பது முதல் பதினான்கு குப்பிகளுக்கு மேல் குடித்தால்தான் வரம்பைத் தாண்டுவார் என்று அப்போது விளக்கப்பட்டது. அந்தக் கணக்கை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே கணக்கு மூன்று நான்கு குப்பிகளிலேயே முடிந்துவிடும் என்பதைச் சிலரே சொன்னார்கள். பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமை அறவே தவிர்க்க வேண்டும். இதில் எந்த ஐயமும் இல்லை.

பொதுவாகப் புழங்கும் சேர்க்கைப் பொருட்களுள் நான் உண்மையிலேயே கவலையோடு பார்ப்பது நைட்ரைட், அதாவது 249, 250 ஆகிய எண்கள். பதப்படுத்திய இறைச்சியின் இளஞ்சிவப்பு நிறத்துக்கும் தனிச் சுவைக்கும் காரணம் இதுவே. போட்யூலிசம் என்னும் உயிர்கொல்லி நோய்க்குக் காரணமான நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவை வளரவிடாமல் தடுப்பதும் இதுவே. ஆகவே இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இறைச்சியின் புரதப் பகுதிகளோடு அது வினைபுரிந்து நைட்ரோசமைன்கள் உண்டாகின்றன. இவற்றுள் பல, விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக நிறுவப்பட்டவை. 2015இல் புற்றுநோய் முகமை பதப்படுத்திய இறைச்சியை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற வகுப்பில் வைத்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது என்பது அது தந்த கணக்கு. நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் அந்நோய் வரும் ஒரு சமூகத்தில், எல்லோரும் அந்த அளவு உண்டால் ஐந்து ஏறத்தாழ ஆறாகும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். புகையிலையும் இதே முதல் வகுப்பில் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று சொல்வது தவறு. வகுப்பு காட்டுவது சான்றின் வலிமையை, தீங்கின் அளவை அன்று.

அந்தத் தீங்கில் எவ்வளவு பங்கு நைட்ரைட்டுக்கு, எவ்வளவு இறைச்சியிலுள்ள இரும்புக்கும் புகையிடுதலுக்கும் உப்புக்கும் என்று யாராலும் துல்லியமாகப் பிரிக்க முடியவில்லை. இருந்தும் வரம்பு குறுகலானது: நைட்ரைட் அயனிக்குக் கிலோவுக்கு 0.07 மில்லிகிராம், அதாவது 20 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 1.4 மில்லிகிராம். உண்ணும் நேரத்தில் ஒரு கிலோ இறைச்சியில் 30 மில்லிகிராம் எஞ்சியிருப்பதாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 47 கிராம் அளவிலேயே அக்குழந்தை வரம்பைத் தொட்டுவிடும். 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளவுகளைக் குறைத்ததற்கு இத்தகைய கணக்குகளே அடிப்படை. இங்கே ஒரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். நைட்ரைட் சேர்க்கப்படவில்லை என்று உறையில் எழுதிவிட்டு, நைட்ரேட் நிறைந்த செலரிச் சாற்றைப் பாக்டீரியாவால் புளிக்கவைத்துச் சேர்ப்பார்கள். எங்கள் கருவிக்கு இரண்டும் ஒரே நைட்ரைட்தான், குடலுக்கும் அப்படியே. காய்கறிகளை உண்ணும்போது நமக்குக் கிடைக்கும் நைட்ரேட் வேறு கதை. அவற்றோடு வைட்டமின் சி போன்ற, நைட்ரோசமைன் உருவாவதைத் தடுக்கும் பொருட்களும் வருகின்றன.

அஜினோமோட்டோ என்று வணிகப் பெயராலேயே பலரும் அறிந்த மோனோசோடியம் குளூட்டமேட், எண் 621, இதற்கு நேரெதிரான நிலையில் இருக்கிறது: பழி பெரிது, சான்று சிறிது. 1908இல் கிகுனே இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த இந்தச் சுவை, தக்காளியிலும் முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் தாய்ப்பாலிலும் இயல்பாகவே இருக்கிறது. 1968இல் ஒரு மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதம், சீன உணவகங்களில் உண்டபின் கழுத்து மரத்துப்போவதாகச் சொல்லி, குளூட்டமேட்டைச் சாத்தியமான பல காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது; அடுத்த ஆண்டு, பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு இதை மிகுந்த அளவில் ஊசி வழியே செலுத்தியபோது மூளையில் சேதம் காணப்பட்டதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. இவ்விரண்டும் சேர்ந்து உண்டாக்கிய அச்சம் இன்னும் தணியவில்லை. ஆனால் ஊசி வழியே செலுத்துவதும் வாய்வழியே உண்பதும் ஒன்றல்ல. உண்ணும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடற்சுவரே எரிபொருளாகப் பயன்படுத்திவிடுகிறது. தமக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய 130 பேரைக் கொண்டு, யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பதை இரு தரப்புக்கும் மறைத்து நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், உணவின்றி 5 கிராம் கொடுத்தபோது சிலருக்கு அறிகுறிகள் தோன்றின. அதே நபர்களிடம் மீண்டும் சோதித்தபோது அவை சீராகத் திரும்பவில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் கணக்குப்படி ஒருவருக்கு உணவுப் புரதத்திலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 13 கிராம் குளூட்டமேட் கிடைக்கிறது. உணவில் சேர்க்கப்படும் மோனோசோடியம் குளூட்டமேட்டின் வழியே வருவது அரை கிராம் அளவே. வெறும் வயிற்றில் மிகுந்த அளவு சென்றால் சிலருக்குச் சிறிது நேரம் தலைவலியோ படபடப்போ வரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. 2017இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று முதன்முறையாக ஒரு வரம்பை விதித்ததையும், அந்த வரம்பைச் சிலர் எளிதில் தாண்டக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை மிகவும் பொருத்தமானது செயற்கை நிறமூட்டிகளின் விவகாரம். 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேருக்கும் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள் 144 பேருக்கும் நிறமூட்டிகளும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தையும், அவை இல்லாமல் அதே தோற்றமும் சுவையும் கொண்ட பானத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். கலவை குடித்த காலத்தில் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் சராசரியாகச் சிறிது கூடின. விளைவு சிறியது, குழந்தைக்குக் குழந்தை மிகவும் வேறுபட்டது, கலவையில் எது காரணம் என்று பிரித்தறிய வழியில்லை. இக்காரணங்களால் 2008இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வல்லுநர்கள் இதைக் கொண்டு அளவுகளை மாற்ற முடியாது என்றார்கள். ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றம் வேறு முடிவெடுத்தது: 102, 104, 110, 122, 124, 129 ஆகிய ஆறு நிறமூட்டிகள் உள்ள உணவுகளில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை 2010 ஜூலை முதல் கட்டாயமாயிற்று. பல நிறுவனங்கள் எச்சரிக்கையை அச்சிடுவதைவிட நிறத்தை மாற்றுவதே மேல் என்று மாற்றிக்கொண்டன. மாற்ற முடிந்தது என்பதே எனக்கு இதில் முக்கியமான செய்தி. நைட்ரைட்டை எடுத்துவிட்டால் ஒரு பாதுகாப்பு குறைகிறது. நிறத்தை எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தவிர எவருக்கும் இழப்பில்லை. சான்று பாதிதான் என்றாலும், பயன் ஏதுமில்லாத ஒன்றுக்கு அந்தப் பாதிச் சான்றே போதும் என்பது என் சொந்தக் கருத்து. அமெரிக்கா 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்ட ரெட் 3 என்னும் எரித்ரோசின் வேறு வகைக் கதை: ஆண் எலிகளில் தைராய்டுக் கட்டி உண்டானது, அந்த வழிமுறை மனிதருக்குப் பொருந்தாது என்று நிர்வாகமே சொன்னது, ஆயினும் விலங்கில் புற்றுநோய் உண்டாக்கும் எதையும் அனுமதிக்கக் கூடாது என்ற 1960ஆம் ஆண்டுச் சட்டவிதி அதற்கு வேறு வழி விடவில்லை.

உறுதியானவை, ஆனால் சிலருக்கு மட்டுமே பொருந்துபவை என்று ஒரு தொகுதி உண்டு. 220 முதல் 228 வரையிலான சல்ஃபைட்டுகள் ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சுத் திணறலைத் தூண்டுகின்றன, சில வேளைகளில் கடுமையாக; உலர்பழங்களிலும் திராட்சை மதுவிலும் இவை மிகுதி. கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் கார்மைன், எண் 120, முழுக்க இயற்கையானது; உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையை அரிதாக உண்டாக்கியிருக்கிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. சார்பிட்டால் போன்ற சர்க்கரை ஆல்ககால்கள் மிகுந்தால் வயிற்றுப்போக்கு. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 338 முதல் 343 வரையும் 450 முதல் 452 வரையும் உள்ள பாஸ்பேட்டுகள் முக்கியமானவை: தானியத்திலும் பயறிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ பாதிதான் உடலில் சேர்கிறது, சேர்க்கைப் பொருளாக வருவதோ ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடுகிறது. 2019இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாஸ்பேட்டுகளுக்கு வரம்பு விதித்தபோது, சிறுநீரகச் செயல்பாடு குன்றியவர்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று வெளிப்படையாகவே எழுதியது. உறையில் பெரும்பாலும் அளவு இருக்காது. எண் மட்டுமே இருக்கும் என்பதால் அவர்கள் அந்த எண்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஐயத்துக்குரியவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இனிப்புகளையும் மெல்லும் மிட்டாய்களையும் வெண்மையாக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, எண் 171, 2016இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வில் கவலைக்குரியதாகக் கருதப்படவில்லை. 2021இல் அதே ஆணையம், அதன் நுண்துகள்கள் மரபணுப் பொருளைச் சேதப்படுத்தும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை என்று கூறி, இனி அதைப் பாதுகாப்பானதாகக் கருத இயலாது என்றது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவில் அதற்குத் தடை வந்தது. அதே சான்றுகளைப் பார்த்த பிரிட்டனும் கனடாவும் உடன்படவில்லை. 2023இல் ஜெக்ஃபாவும் உடன்படவில்லை. தீங்கு நிரூபிக்கப்பட்டதால் வந்த தடை அன்று அது. தீங்கில்லை என்பது நிரூபிக்கப்படாததால் வந்தது. நாட்டுக்கு நாடு விதி மாறுவதற்குப் பெரும்பாலும் இத்தகைய மனப்போக்கு வேறுபாடே காரணம். அமெரிக்கா 1969இல் தடை செய்த சைக்ளமேட் இனிப்பூட்டி ஐரோப்பாவில் இன்றும் விற்கப்படுகிறது என்பதை, அங்கே தடை செய்துவிட்டார்கள் என்று ஒற்றை வரியில் பயமுறுத்துபவர்கள் சொல்வதில்லை. மாவை உப்பச் செய்யும் பொட்டாசியம் புரோமேட் போன்ற சிலவற்றில் மட்டும் தடை செய்தவர்கள் பக்கமே சான்று தெளிவாகச் சாய்கிறது.

இரண்டாவது, பால்மமாக்கிகள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 466 என்னும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசையும் 433 என்னும் பாலிசார்பேட் 80ஐயும் குடிநீரில் கலந்து கொடுத்த எலிகளுக்குக் குடலைக் காக்கும் சளிப்படலம் மெலிந்தது, நுண்ணுயிர்களின் கூட்டம் மாறியது, இலேசான அழற்சியும் எடைக் கூடுதலும் உண்டாயின. பின்னர் மனிதர் பதினாறு பேரைக் கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 15 கிராம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசைப் பதினொரு நாட்கள் கொடுத்தபோது, நுண்ணுயிர்களின் வகை வளம் குறைந்தது. இருவருக்குப் பாக்டீரியா குடற்சுவரை நெருங்கி வந்திருந்தது. 15 கிராம் என்பது வழக்கமாக உண்ணும் அளவைவிட மிகவும் கூடுதல். பதினாறு பேர் என்பது மிகவும் குறைவு. இதைக் கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. பழைய சோதனைகள் பார்க்கத் தவறிய இடம் இதுதான் என்று சொல்ல முடியும். அடுத்த பத்தாண்டில் என் கருத்து எதில் மாறக்கூடும் என்று கேட்டால், இதில்தான்.

ஆய்வுக்கூடத்தில் கழித்த காலத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். நான் கண்ட மீறல்களில் பெரும்பாலானவை, அனுமதிக்கப்பட்ட பொருளை அனுமதித்த அளவில் சேர்த்ததால் வந்தவை அல்ல. நிறுப்பதில் நேர்ந்த தவறு, கலவை சீராகக் கலக்கப்படாமை, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத தொழிற்சாலைச் சாயம் ஆகியவையே மிகுதி. 2005இல் சூடான் 1 என்ற சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சுவைச்சாறின் வழியே பரவியதால் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அவற்றின் உறைகளில் எங்கும் அந்தச் சாயத்தின் பெயர் இல்லை. சோடியம் பென்சோயேட்டும் வைட்டமின் சியும் ஒரே பானத்தில் இருந்து, வெயிலிலோ வெப்பத்திலோ நெடுநாள் கிடந்தால், மிகச் சிறிய அளவில் பென்சீன் உண்டாகலாம் என்பதும் அவ்வாறே கணக்குக்கு வெளியே நிற்பது: இரண்டுமே அனுமதிக்கப்பட்டவை, இரண்டுமே வரம்புக்குள் இருப்பவை. 2005க்குப் பின் பல நாடுகளில் இதற்காகப் பானங்களின் சேர்மானம் மாற்றப்பட்டது.

இனி உங்கள் உறையிலுள்ள பதினான்கு. 322 லெசித்தின், 330 சிட்ரிக் அமிலம், 296 மாலிக் அமிலம், 500 சமையல் சோடா. 503 அமோனியம் பைகார்பனேட், அடுப்பிலேயே வாயுவாகப் போய்விடும். இந்த ஐந்தையும் மறந்துவிடலாம். 450 மாவை உப்பச் செய்யும் பாஸ்பேட். நலமான சிறுநீரகம் உள்ள குழந்தைக்கு இந்த அளவு பொருட்டல்ல. 471, 472ஈ, 481 ஆகியவை கொழுப்பமிலங்களிலிருந்து பெறப்படும் பால்மமாக்கிகள். எலிகளைப் பாதித்த இரண்டும் இவற்றில் இல்லை. 319 எண்ணெய் கெடாமல் காக்கும் டி.பி.எச்.க்யூ., கொழுப்பில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்படாமல் சேர்க்கப்படுவது. எப்போதாவது உண்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. 102, 110, 133 மூன்றும் கிரீமுக்கு நிறம் தருபவை. முதலிரண்டும் அந்த ஆறில் அடங்கியவை, ஆகவே நிறமில்லாத பிஸ்கட் கிடைக்குமானால் அதையே வாங்குவேன். நான் இதைவிடக் கவலைப்படுவது எண் இல்லாத மூன்றைப் பற்றி: பட்டியலின் தொடக்கத்தில் எண் இல்லாமலே நிற்கும் சர்க்கரை, கொழுப்பு, மைதா. 2019இல் அமெரிக்காவில் இருபது பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்துச் செய்த சோதனையில், அளவுக்கு மீறிப் பதப்படுத்திய உணவை விருப்பம்போல் உண்ட இரு வாரங்களில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். அதற்கு எந்த ஒற்றைச் சேர்க்கைப் பொருளையும் காரணம் காட்ட முடியவில்லை. மிஞ்சுவது 223, மாவை இளக்கும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட். சுடும்போது அதில் பெரும்பகுதி போய்விடும், சிறிது எஞ்சும். உங்கள் மகனுக்கு இரைப்பு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்குமானால், அந்த உறையைத் தூக்கியெறியாமல் எடுத்துச் சென்று அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவன் எதை உண்டபின், எவ்வளவு நேரம் கழித்து இரைப்பு வந்தது என்று ஒரு மாதத்துக்குக் குறித்து வைத்த தாளும் உடன் இருந்தால், என் பதிலைவிட அது அவருக்குப் பயன்படும்.